எட்டு மணிக்கு மூடும் கடை

அல்சூர், பெங்களூர்
14 மார்ச் 1999

அன்புள்ள தங்கை சங்கமித்ராவுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று தீர்மானித்துத்தான் இந்த இன்லேண்டை எடுத்திருக்கிறேன். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? இதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். விஷயத்தைத் தொடங்கிவிட்டால் மறந்துபோகும்.

உன் வீட்டுக்காரர் குடிக்கிறார். ஊற்றிக் கொடுப்பது அவர் பிழைப்பு, அது ஊருக்கே தெரியும். நான் சொல்வது வேறு. போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அல்சூர் ஏரிக்கரையில் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடையில் கொடுத்த கறுப்புச் சட்டை, கழுத்தில் வில் டை, காலில் ஒரே ஒரு ஷூ. இன்னொன்றை மடியில் வைத்துக்கொண்டு அதன் நாடாவை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவிழ்ந்துதான் இருந்தது.

அந்தப் பக்கமாகப் போய் இந்தப் பக்கமாகத் திரும்பி வந்தேன். அதற்குள் பெஞ்சிலேயே படுத்துவிட்டார்.

அவர் வேலை செய்யும் பப் என் ஜன்னலிலிருந்து எதிர்த்தெரு முனையில் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு விளக்கு போடுவார்கள், பதினொன்றரைக்கு அணைப்பார்கள். அந்த ஆறரை மணி நேரமும் என் அறை ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டே இருக்கும். பெங்களூர் முழுக்க இப்படித்தான் முளைத்திருக்கிறது. நாங்கள் சும்மா இருக்கப்போவதில்லை. எங்கள் குடியிருப்போர் சங்கம் போலீஸுக்கு ஒரு மனு தயாரிக்கிறது, கடைகளை முன்னதாக மூட வேண்டும் என்று. எழுதுகிறவன் நான்.

திங்கள்கிழமை அவர் ஊருக்கு வரும்போது நீயே கேட்டுப் பார். உடம்பைப் பார்த்துக்கொள். வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் அன்புள்ள அண்ணன்,
விஜய்குமார்

*

மாரிக்குப்பம், கே.ஜி.எஃப்.
23 மார்ச் 1999

நமோ புத்தாய.

அன்புள்ள அண்ணாவுக்கு சங்கமித்ரா எழுதிக்கொண்டது. முட்டி அப்படியேதான் இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார்ந்தபடியே மிரட்டப் பழகிவிட்டேன். உன் பிரஷர் மாத்திரையைப் பற்றி மூன்று கடிதமாகக் கேட்கிறேன். மூன்றுக்கும் பதில் இல்லை.

ஷூ விஷயம் படித்தேன். நீ அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தாய் சரி, நடுவில் ஒரு நிமிஷம் நின்று "என்ன மாப்பிள்ளை" என்று கேட்டிருக்கலாம். என் கல்யாணத்திலேயே நீ பந்தியில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாம்பாரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டவன். அப்பா செத்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. சாராயக் கடையில் ஊற்றினது அவர்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, சுரங்கக் கழிவு மண் கொட்டின அந்த சயனைட் மேட்டைச் சுற்றி நம் வீடுவரைக்கும் வந்தது அவர் ஒருத்தர்தான். அதைப் பார்த்துத்தான் நான் அவரைக் கட்டிக்கொண்டேன். இதை உனக்கு எத்தனை தடவை எழுதுவது?

திங்கள்கிழமை கேட்டேன். "குடிக்கிறீங்களா?" என்றேன். "மீன் நல்லா இருக்கு" என்றார். அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

மனு எழுதுகிறாய் என்றது எனக்குப் பிடித்திருக்கிறது. நல்ல காரியம். அப்பா ஞாபகம் வந்தது. பௌர்ணமிக்கு விகாரையில் எல்லோரும் பஞ்சசீலம் சொல்லும்போது அப்பா நாலு சீலம் உரக்கச் சொல்வார், ஐந்தாவது வந்ததும் உதட்டை மூடிக்கொள்வார். குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் குடித்தால், பொய் சொல்ல மாட்டேன் என்ற நாலாவதும் போய்விடுமாம். "ஒண்ணு போனாப் போவுது, ரெண்டு எதுக்கும்மா" என்பார். நீ பக்கத்தில் நின்று பல்லைக் கடிப்பாய்.

மனுவின் நகல் ஒன்று அனுப்பு. எங்கள் விகாரை மகளிர் சங்கத்தில் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கை சங்கமித்ரா

*

அல்சூர்
11 ஏப்ரல் 1999

அன்புள்ள சங்கமித்ராவுக்கு,

நீயும் உன் பள்ளிக்கூடமும் சுகம் என்று நம்புகிறேன். நகல் இணைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரிக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருக்கிறேன், மனுவின் உயிர் அதுதான்: "குடிப்பவனுக்கு நீளமாக இருப்பது தாகம் அல்ல, அவன் உட்காரும் நேரம். நேரத்தை வெட்டினால் குடியும் வெட்டுப்படும்."

சங்கத்தின் செயலாளர் சேஷகிரி. செக்ரடேரியட்டில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் எல்லாக் காகிதமும் அவர் மேஜை வழியாகத்தான் போகிறது என்ற நினைப்பு. மூன்று தடவை என் பிரதியைத் திருப்பிக் கொடுத்தார். "ஸ்வல்ப சாஃப்ட்டா எழுதுங்கோ விஜய்குமார், இது ஸ்ட்ரைக் நோட்டீஸ் அல்ல." நான் எம்.ஏ. படித்தவன். சுரங்கத்தின் டைம் ஆபீஸில் இருபத்தாறு வருஷம் இருந்துவிட்டு, கடைசியில் எனக்குக் கீழே இருந்தவனை சூப்பரிண்டெண்டாகப் போட்டதால் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன். இப்போது அடுகோடியில் ஒரு கார்மெண்ட் பாக்டரியில் பெண்கள் உள்ளே வரும் நேரம், வெளியே போகும் நேரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மனுவில் கையெழுத்து சேஷகிரியுடையது. என் பெயர் எங்கும் இல்லை. அதனால் பரவாயில்லை.

ஒரு நல்ல செய்தி. வெள்ளோட்டமாக இரண்டு மாதத்துக்கு எங்கள் பக்கத்துக் கடைகளைப் பத்து மணிக்கே மூடச் சொல்லியிருக்கிறார்கள். ஏப்ரல் ஒன்றாம் தேதி தொடங்கியது. நான் ஜன்னலோரம் நாற்காலி போட்டு ஒரு நோட்டில் எழுதிவருகிறேன், யார் எத்தனை மணிக்கு வெளியே வருகிறார்கள், எப்படி நடக்கிறார்கள் என்று. தொழில் பழக்கம். இரண்டு மாதம் முடிந்ததும் அந்த நோட்டு மனுவுக்குத் துணை ஆவணம். மாற்றம் கண்கூடாகத் தெரிகிறது.

உன் வீட்டுக்காரர் நிலைமை மோசமாகிறது. வியாழக்கிழமை பப்பின் பின்பக்கப் படியில் விழுந்தார். மேலும் எழுத விரும்பவில்லை. ஊற்றுகிற கையை ஊற்றுகிற இடத்தில் வைத்துக்கொண்டு திருத்த முடியாது. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வரச் சொல்.

உன் அன்புள்ள அண்ணன்,
விஜய்குமார்

*

மாரிக்குப்பம்
30 ஏப்ரல் 1999

நமோ புத்தாய.

அன்புள்ள அண்ணாவுக்கு,

வைசாகப் பௌர்ணமி இன்று. விகாரையிலிருந்து வந்ததும் எழுதுகிறேன். பாயசம் வைத்தார்கள், உனக்கும் சேர்த்துக் குடித்தேன். நீ நலமா? மாத்திரை?

உன் மனுவைப் படித்துக் காட்டினேன். அடிக்கோடு போட்ட வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்கள். சின்னத்தாயி, உனக்குத் தெரியுமே, கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டர் டிரைவரின் வீட்டம்மா, அழுதுவிட்டாள். இங்கே நிலைமை முன்னைவிட மோசம். சுரங்கத்தில் பாதி ஆளுக்கு வேலை இல்லை, மீதிப் பேருக்கு எப்போது போகும் என்று தெரியவில்லை. கடைகளில் மட்டும் இடமில்லை. நாங்களும் மனு கொடுக்கப்போகிறோம். நூற்று நாற்பது கையெழுத்து வந்துவிட்டது. மேலே முதல் பெயர் என்னுடையது.

நாங்கள் கேட்கப்போவது எட்டு மணி. ஏன் எட்டு என்றால், ஒரு காலத்தில் நம் லைன் வீடுகள் பக்கம் இருந்த சாராயக் கடையை எட்டு மணிக்கு மூடவைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்பா போன அதே வருஷம், எழுபத்திரண்டில். யாரோ பெயர் போடாமல் கம்பெனிக்கு எழுதின மனுவால் அது நடந்ததாம். அந்த நல்ல மனுஷர் ஒரு வருஷம் முன்னால் எழுதியிருந்தால் அப்பா பழகியிருப்பார், பிழைத்திருப்பார் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். நீ அப்போது டைம் ஆபீஸில்தானே இருந்தாய்? யார் எழுதினது என்று தெரியுமா? உயிரோடு இருந்தால் எங்கள் மனுவைக் கொடுக்கும்போது அவரைக் கூட்டிப்போக வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை.

இவரிடம் பேசிவிட்டேன். வேலையை விடச் சொன்னேன். ஜூலை முடிய நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். ஐம்பது வயசில் இங்கே வந்து என்ன வேலை பார்ப்பார் என்று தெரியவில்லை. நீ சொன்னாய், நான் கேட்டேன்.

இப்படிக்கு,
சங்கமித்ரா

*

அல்சூர்
2 ஜூன் 1999

அன்புள்ள சங்கமித்ராவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. பாக்டரியில் வேலை அதிகம். பஸ் அடிக்கடி நின்றுவிடுகிறது. இங்கே மழை தொடங்கிவிட்டது, அங்கே எப்படி?

எட்டு மணி என்பதில் அவசரப்பட வேண்டாம். ஊருக்கு ஊர் நிலைமை வேறு. யோசித்துச் செய்யலாம். மழைக்காலம் போகட்டும்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் அன்புள்ள அண்ணன்,
விஜய்குமார்

*

மாரிக்குப்பம்
12 ஜூன் 1999

நமோ புத்தாய.

அண்ணா, நலமா என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது, இருந்தாலும் கேட்கிறேன்.

ஐந்து வாரம் கழித்து ஆறு வரி. பஸ் நிற்பதை எழுத இடம் இருந்தது, நான் கேட்டதற்குப் பதில் எழுத இடம் இல்லை. யார் எழுதினது என்று உனக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது. தெரிந்தால் பெயர் எழுது.

அங்கே பத்து மணி நல்லது, இங்கே எட்டு மணி அவசரமா? நேரத்தை வெட்டினால் குடியும் வெட்டுப்படும் என்று அடிக்கோடு போட்டு அனுப்பினவன் நீ. போன திங்கள் இவரிடமும் அதைப் படித்துக் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி படி" என்றார். படித்தேன். எழுந்து போய்க் கை கழுவிவிட்டார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. உங்கள் இரண்டு பேருக்கும் என்ன வந்தது?

ஒன்று சொல்கிறேன். குடிக்கிறவன் திருந்துவான் என்று நான் கனவு காணவில்லை. எட்டு மணிக்குக் கடை மூடினால் எட்டரைக்கு வீட்டில் இருப்பான். வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்டாட்டி ஒன்பதுக்குப் படுப்பாள். அது போதும் எங்களுக்கு. அதில் என்ன தப்பு?

ஆடிப் பௌர்ணமி அன்று, ஜூலை 28, மனுவைக் கொடுக்கப்போகிறோம். இப்போது இருநூற்றுப் பத்துக் கையெழுத்து.

சங்கமித்ரா

*

அடுகோடி
27 ஜூன் 1999

மாதா துணை.

மச்சானுக்கு நோயல் வணக்கம் சொல்லி எழுதறது. நல்லா இருக்கீங்கன்னு உங்க ஜன்னல்ல தினம் லைட்டு எரியறதை வெச்சுத் தெரிஞ்சுக்கறேன். நானும் இருக்கேன்.

உங்களுக்கு நான் எழுதற மொதல் லெட்டர் இது. எழுத வேணாம்னுதான் இருந்தேன்.

நீங்க சங்கமித்ராவுக்கு எழுதினது நெஜம். குடிக்கிறேன். எப்படின்னு சொல்றேன். பப்ல கடைசி ஆர்டர்னு ஒண்ணு இருக்கு. மூடறதுக்கு அரை மணி முன்னாடி மணி அடிப்போம். பதினொன்றரைக்கு மூடிக்கினு இருந்தப்ப, மணி அடிச்சா பாதிப் பேரு பில் குடுன்னு கேப்பான். பேசவேண்டியதைப் பேசிட்டான், வவுறு ரொம்பிடுச்சு, எழுந்து போவான். ஏப்ரல்லேர்ந்து பத்து மணி ஆக்கினாங்க, ரெண்டு மாசம் முடிஞ்சும் இன்னும் மாத்தல. ஒன்பதரைக்கு மணி அடிச்சா எவனும் எழுந்துக்கறதில்ல. ஒரு ஜக்கு கேட்டவன் மூணு ஜக்கு கேக்கறான். தண்ணி லாரி வந்தா கொடத்தைத் தூக்கிக்கினு ஓடுவாங்களே அந்த மாதிரி. குடிக்க முடிஞ்சதைக் குடிக்கிறான், மீதியை வெச்சிட்டுப் போறான். ஜக்குல ஊத்தின பீரைத் திரும்பக் கொழாய்க்குள்ள ஊத்த முடியாது மச்சான். கொட்டணும். கொட்ட மனசு வராம நாங்க குடிக்கிறோம். முன்ன ஒரு கிளாஸு. இப்ப அளவே இல்ல. அதான் அந்தப் படியில விழுந்தது. ஷூவைப் பத்தி நீங்க எழுதினது பழைய கணக்கு, அது என் பேஜாரு, கடை மேல பழி போடமாட்டேன்.

இதை எதுக்கு உங்ககிட்ட சொல்றேன்னா, இது உங்களுக்கே தெரியும். ஜன்னல்லேர்ந்து நோட்டுல எழுதறீங்க. பத்து மணிக்கு ஒரே நேரத்துல அம்பது பேரு ரோட்டுல இறங்கறதை எழுதாமலா இருப்பீங்க?

இப்ப வேற ஒண்ணு. எழுபத்திரண்டுல நம்ம சாராயக் கடை கான்டிராக்டர், பாவம் படிக்கத் தெரியாதவன், கம்பெனிலேர்ந்து ஒரு காகிதத்தைக் கொண்டாந்து என்கிட்ட குடுத்துப் படிடான்னான். கடையை எட்டு மணிக்கு மூடணும்னு யாரோ போட்ட மனு. அதுல ஒரு வரி. குடிப்பவனுக்கு நீளமாக இருப்பது தாகம் அல்ல. அடுத்தது என்னன்னு நான் எழுத வேணாம். டைம் ஆபீஸ் கார்டுல நீங்க ஏழு போடறப்ப நடுவுல ஒரு கோடு இழுப்பீங்க. அந்த மனுவுலயும் 1972ல அதே ஏழு, அதே கோடு. அன்னிக்கே தெரியும். இருந்தாலும் மனசு கேக்காம, வேற யாராவது இருக்கும்னு நெனச்சுக்குவேன். இந்த மாசம் சங்கமித்ரா உங்க மனுவைப் படிச்சா. அப்புறம் நெனைக்க ஒண்ணும் இல்ல.

அவ எட்டு மணி கேக்கப்போறா. மேல அவ பேரு. நாளைக்கு அந்த லைன்ல எவன் வீட்டுலயாவது எழவு விழுந்தா, அவ அப்பா மாதிரி, அவ தாங்கமாட்டா. நான் சொன்னா கேக்கமாட்டா, ஊத்தினவன்தானே நான். நீங்கதான் சொல்லணும். எப்படிச் சொல்லுவீங்களோ.

நோயல்

*

அல்சூர்
5 ஜூலை 1999

நோயலுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒன்று மட்டும் தெரிய வேண்டும். இருபத்தேழு வருஷமாக ஏன் சொல்லவில்லை?

வி.

*

அடுகோடி
9 ஜூலை 1999

மச்சானுக்கு,

சுகந்தானே. என் பேரை நீங்க எழுதி இப்பத்தான் பாக்கறேன்.

ஏன் சொல்லலன்னா, அவளுக்கு அப்ப பத்தொம்பது வயசு. அப்பா போயிட்டாரு. அண்ணனையும் அவகிட்டேர்ந்து அன்னிக்கே எடுத்துக்கணுமா? யார் மேலயாவது கோவம் வேணும்னா என் மேல இருந்துட்டுப் போவட்டும்னு விட்டேன்.

இது பாதி நெஜம். மீதியையும் சொல்லிடறேன். கல்யாணத்துல, காரியத்துல, நீங்க என்னைப் பாக்காம மூஞ்சியைத் திருப்பிக்கினு உக்காந்திருக்கறப்பல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குஷி. இந்த மனுஷன் குடுமி நம்ம கையிலன்னு. எப்ப வேணா இழுக்கலாம். இழுக்காம வெச்சிருக்கறதுலதான் ருசி. எங்கம்மா யூனிஸ் சாவறப்ப, மனசுல எதையும் வெச்சுக்காதடான்னாங்க. வெச்சுக்கினேன்.

ரெண்டு பேருமே நல்லவன் இல்ல மச்சான். 28ஆம் தேதிக்குள்ள எழுதுங்க.

நோயல்

*

அல்சூர்
20 ஜூலை 1999

சங்கமித்ராவுக்கு,

நான் நலமாக இல்லை. இதுவரை நீ கேட்ட எல்லாக் கடிதத்துக்கும் சேர்த்து இந்தப் பதில். மாத்திரையை மார்ச்சிலேயே நிறுத்திவிட்டேன். ஒரு இடத்தில் கால் மணி நேரம் உட்கார முடியவில்லை. இந்தக் கடிதத்தையே நாலு தடவை எழுந்துபோய் வந்து எழுதுகிறேன்.

நீ கேட்ட பெயர் என்னுடையது. எழுபத்திரண்டில் அந்த மனுவை எழுதியவன் நான்.

ஊருக்காக எழுதவில்லை. அப்பாவுக்காக எழுதினேன். அதையும் சரியாகச் சொல்ல வேண்டும். அப்பாவால் எனக்கு ஏற்பட்ட வெட்கத்துக்காக எழுதினேன். டைம் ஆபீஸில் கூட உட்கார்ந்திருந்தவர்கள் "உங்க நைனா நேத்து கடையில பாடினாரு" என்பார்கள். எனக்கு இருபத்தைந்து வயசு, கழுத்துப் பட்டன் போட்டுக்கொண்டு போகிறவன். அப்பாவுக்குப் பம்ப் வேலை. ஏழரைக்கு ஷிப்ட் முடிந்து கூண்டு மேலே வரும். நம்பர் பில்லையை டைம் ஆபீஸில் கொடுத்துவிட்டுக் கடைக்கு நடக்க எட்டு நிமிடம். அங்கே உட்கார்ந்தால் பத்து மணி வரைக்கும் இரண்டு டம்ளர், ஒரு சுண்டல் பொட்டலம், நாலு பாட்டு. நான் கணக்குப் போட்டேன். கடையை எட்டுக்கு மூடினால் அவருக்குக் கிடைப்பது பத்து நிமிடம். பத்து நிமிடத்தில் ஒரு மனிதன் என்ன குடித்துவிட முடியும்? அப்படித்தான் எட்டு மணி என்று எழுதினேன். நீ இப்போது கேட்கப்போகும் எட்டு, என்னுடைய எட்டு.

அப்பா போனது எட்டு மணி அமலுக்கு வந்த ஐந்தாம் நாள். டைம் ஆபீஸ் ஜன்னலில் நான்தான் இருந்தேன். அப்பா பில்லையை நீட்டினார். தினமும் அதை என் உள்ளங்கையில் வைத்து ஒரு அழுத்து அழுத்துவார், "சாப்ட்டியாடா" என்பார். அன்றைக்கு மேஜைமேல் போட்டுவிட்டு, "எட்டுக்கே மூடறானாம்டா, நேரமில்ல" என்று ஓடினார். ஐம்பத்தொரு வயசு மனிதர், நாள் முழுக்கப் பூமிக்கு அடியில் நின்றுவிட்டு, ஓடினார். நான் கார்டில் நேரம் எழுதினேன். 7.42. எழுதிவிட்டு, சங்கமித்ரா, எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். ஓடட்டும், பத்து நிமிடம்தான் என்று.

நாலு டம்ளர். நின்றபடியே, சுண்டல் இல்லாமல். அதை நோயல் ஊற்றினார். கேட்டவர்களுக்கெல்லாம் ஊற்றினார், அவர் முன்னால் முப்பது கை நீண்டிருந்தது. சயனைட் மேட்டோரம் அப்பா விழுந்து மூச்சடைத்துப் போனபோது நான் டைம் ஆபீஸைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று இரவே ஒரு ஆளைக் குற்றவாளி ஆக்கினேன், அவர் உன்னைக் கட்டிக்கொண்ட பிறகும் விடவில்லை. மார்ச்சில் உனக்கு எழுதியது அக்கறையால் அல்ல. அந்தப் பெஞ்சில் அவரைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்காக அவர் வேலை போகிறது. மானேஜரிடம் நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி இன்று காலை நானே பப் வாசலில் போய் நின்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். "முடிவு அவ கையில" என்றார். பிறகு, "உள்ள வாங்க, டீ குடிங்க, இங்க டீயும் உண்டு" என்றார். குடித்தேன். அவர் மேஜை துடைத்துக்கொண்டிருந்தார், நான் சர்க்கரை அதிகம் என்றேன்.

நோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாற்றம் கண்கூடாகத் தெரிகிறது என்று எழுதினேனே, தெரிந்த மாற்றம் இதுதான். மார்ச்சில் மனு எழுதுவதற்காகச் சில நாட்கள் குறித்துவைத்திருந்தேன். ஒன்பதிலிருந்து பதினொன்றரைக்குள் ஒருவர் இருவராக வந்தார்கள், ஒரு வாரத்தில் தடுமாறி விழுந்தது மூன்று பேர். ஏப்ரலில் எல்லோரும் பத்துக்கு மொத்தமாக வந்தார்கள், முதல் வாரத்தில் விழுந்தது பதினொன்று. பாட்டில் வாங்கிக்கொண்டு நிறுத்தின காருக்குள் உட்கார்ந்தவர்களை நான் எண்ணவே இல்லை. எண்ண விரும்பவில்லை. சேஷகிரியிடம் நோட்டைக் காட்டினேன். "இது எதுக்கு ரீ, நம்ம கேஸ் வீக் ஆகிடும், பேடா, வேண்டாம், உள்ளே வையுங்கோ" என்றார். அவரை மீறி நேற்று பக்கம் பக்கமாக நகல் எடுத்து, என் பெயர், விலாசம், பாக்டரி எல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டு ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வந்தேன். இனி சங்கத்தில் எனக்கு நாற்காலி இருக்காது.

முன்னால் மூடினால் குடி குறையுமா என்று நீ நேரடியாகக் கேட்டால், எனக்குத் தெரியாது. கீழ்வீட்டுக் காந்தாம்மா ஏப்ரலிலிருந்து நிம்மதியாகத் தூங்குகிறேன் என்கிறாள். அவள் வீட்டுக்காரர் பத்தேகாலுக்கு வந்துவிடுகிறாராம். அவள் சொல்வதும் என் நோட்டைப் போலவே உண்மை. நீ எழுதினாயே, வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டி என்று, அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. மனுவைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதையும் எனக்கு இல்லை. ஆனால் எட்டு என்று எழுதுவதற்கு முன்னால், யார் எத்தனை மணிக்கு மேலே வருகிறார்கள் என்று ஒரு தடவை விசாரி. வேலை முடிந்து வருகிறவனுக்கும் கடைசி மணிக்கும் நடுவில் பத்து நிமிடம் மட்டும் விட்டுவிடாதே. நோயலைக் கேள். உன் வீட்டிலேயே இதைத் தெரிந்த மனிதர் இருக்கிறார்.

அப்பா ஐந்தாவது சீலத்தில் உதட்டை மூடிக்கொள்ளும்போது நான் பல்லைக் கடித்ததை நீ பார்த்திருக்கிறாய். நான் ஐந்தையும் உரக்கச் சொன்னவன். அப்பா போன பிறகும் ஒவ்வொரு பௌர்ணமிக்கும், நாலாவதையும் சேர்த்து.

விகாரையில் அந்த நல்ல மனுஷரைக் கூட்டிப்போக ஆசைப்படுகிறவர்களிடம் அவர் நல்லவர் இல்லை என்று சொல்லிவிடு. யார் என்று சொல்வதா, வேண்டாமா என்பது உன் விருப்பம். நான் தடுக்கவில்லை.

மணி ஐந்தாகப்போகிறது. எதிர்முனையில் இன்னும் விளக்கு போடவில்லை. தெருக்கோடித் தபால் பெட்டியை ஐந்தேகாலுக்கு எடுப்பார்கள், அதற்குள் போக வேண்டும். இந்த இடத்தில் "உன் அன்புள்ள அண்ணன்" என்று எழுதிப் பெயரைப் போடுவேன், முப்பது வருஷமாக யோசிக்காமல் எழுதின வார்த்தை. இன்றைக்கு மூன்று தடவை பேனாவை வைத்து எடுத்துவிட்டேன். நான் இன்னும் அதுதானா என்று நீதான் சொல்ல வேண்டும். நடுவில் கோடு இழுத்த என் ஏழு உனக்குத் தெரியும், கடிதம் யாருடையது என்று தேட வேண்டியிருக்காது. அந்த இடத்தைக் காலியாகவே விட்டு, கையெழுத்துப் போடாமல் இதைப் பெட்டியில் போடுகிறேன்.